ஏறாத மலை

அத்தியாயம் – 7

ஓர் ஆள் காணாமல் போனால் ஊர் இரண்டே காரணம்தான் சொல்லும். ஒன்று பெண், இன்னொன்று பணம். ஐயாதுரை வாத்தியார் விஷயத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன. மானியத்தோடு கம்பி நீட்டிவிட்டார் என்றார்கள் டீக்கடையில். ஆயுசு முழுக்கச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவருக்கு ஊர் கொடுத்த நற்சான்று அவ்வளவுதான்.

1992, ஜூன் மாதம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில், மின்விசிறி ஓடியும் வியர்க்கிற ஓர் அறை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் பரிபூரணம். தில்லியில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் சென்னைச் செயலாளர். கிருபாபாயை மதுரையிலிருந்து வரவழைத்தவர் அவர்தான்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிறேன் மேடம். அதுக்கு மேல என் கையில இல்ல. தில்லியில புகார் எழுதித் தயாரா வச்சிருக்காங்க. இன்னிக்குப் போலீஸ்ல கொடுத்தே ஆகணுமாம்."

"கொடுத்தா?"

"தேடப்படும் நபர்னு போட்டோ போட்டு ஒட்டுவாங்க. இதோ, இந்த பஸ் ஸ்டாண்டு சுவர்லயும் ஒட்டுவாங்க." அவர் குரல் இறங்கியது. "அந்த மனுஷன் வீட்டுல நான் சாப்பிட்டிருக்கேன் மேடம்."

கிருபாபாய் நாசரேத்துக்காரி, கிறிஸ்தவர். வெள்ளைக் காட்டன் சேலை, பொட்டில்லாத நெற்றி, யாரையும் அவசரப்படுத்தாத கண்கள். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவருடன் ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு, மதுரையில் துப்பறியும் அலுவலகம் போட்டவர். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு போன், ஓர் உக்கிரபாண்டி. இவன் பெயரில் இருக்கிற உக்கிரம் பெயரோடு சரி. வாய்தான் ஓயாது.

"பட்டறையோட விதிமுறையை இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றார் கிருபாபாய்.

பரிபூரணம் சொன்னார். சரித்திரம், இலக்கியம், கலை எல்லாவற்றையும் வகுப்பறைக்குள் அடைத்து வைக்காமல், அந்தந்த இடத்துக்கே பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிப்போய் அங்கே நின்று படிக்க வைக்கும் கோடைப் பட்டறை அது. ஐயாதுரை எத்தனையோ வருடம் எழுதிக் கேட்டு, போன மே மாதம்தான் மானியம் கிடைத்தது. தறிக்காரத் தெரு, பஞ்சாலை என்று ஆசிரியர்களை இழுத்துக்கொண்டு அலைந்தார். மலைக்கோயில், தேரடி எல்லாம் மிச்சம் இருந்தன. பாதியில் ஒருநாள், சென்னை அறக்கட்டளை ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னைக்கு அவர் வந்து சேரவே இல்லை. மிச்ச நாளை ஆசிரியர்களே அவர் போட்டுக் கொடுத்த திட்டப்படி நடத்தி முடித்துவிட்டார்கள்.

"பொறுப்பாளர் கடைசி நாள் வரைக்கும் பொறுப்புல இருக்கணும். அதுதான் விதி. வேலையா வெளியூர் போறது தப்பில்ல. ஆனா நடுவுல அவர் பொறுப்பு முடிஞ்சு போச்சுன்னா, ஆரம்பத்துல இருந்து அம்புட்டும் ரத்து. ஆசிரியர்களோட சான்றிதழ் செல்லாது. அடுத்த வருஷ மானியமும் கிடையாது."

"இப்ப?"

"இப்ப ரத்தாகல மேடம். பட்டறை முடிஞ்சு, கணக்குக் கொடுக்க ஆளைக் காணோம், அவ்வளவுதான். பட்டறை செல்லும். அவர் பேருதான் போலீசுக்குப் போகும்."

உக்கிரபாண்டி தலையாட்டினான். "அதாவது சார், திருடனா இருந்தாப் பரவாயில்ல, ராஜினாமா மட்டும் பண்ணிறக் கூடாது. நல்ல சட்டம். எங்க வீட்டு ஓனர்கிட்ட சொல்லணும்."

கிருபாபாய் கட்டில்மீது போட்டோக்களைப் பரப்பினார். பட்டறையில் நாள்தோறும் எடுத்த குரூப் போட்டோக்கள். தறியடியில் ஒன்று. பஞ்சாலை வாசலில் ஒன்று. அதில்தான் ஐயாதுரை கடைசியாக நிற்கிறார், நெற்றியில் வியர்வை மின்ன, சிரித்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி வெள்ளத்தாய். முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் போய்ப் பார்த்தபோது பூவும் பொட்டுமாக நின்று பேசியவள். பட்டறைக்குச் சமையல் அவள் பொறுப்பு. எங்கே போனாலும் சட்டி பானையோடு கூடவே போனாள். எல்லா போட்டோவிலும் ஓரமாக இருந்தாள்.

"இதுல இல்லையே," என்றார் கிருபாபாய்.

பஞ்சாலைக்கு மறுநாள் பட்டறைக்கு ஓய்வு; அதற்கடுத்த நாள் திருவண்ணாமலை உச்சியில் எடுத்த படம் அது. கிரிவலத் திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் சின்ன மலைமேல் பெருமாள் இருக்கிற இந்தத் திருவண்ணாமலை. ஆசிரியர்கள் எல்லோரும் நாமம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஐயாதுரை இல்லை, அவர்தான் முந்தின நாளே சென்னைக்குப் போய்விட்டாரே. வெள்ளத்தாயும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் படத்தில் அவள் இருந்தாள். பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரியில், செங்குத்தான இரும்பு ஏணியில், இடுப்பில் காபித் தூக்கோடு பாதி உயரத்தில் நின்று கேமராவைப் பார்த்து நாணியிருந்தாள். தலை நிறையப் பூ.

"புருஷன் போன மறுநாள் பொண்டாட்டியும் ஒரு பொழுது காணோம்," என்றான் பாண்டி. "மேடம், மலை ஒரு பக்கம் இருக்கட்டும். அன்னிக்கு மதியம் அந்தம்மா எங்கயோ போய் வாத்தியாரைப் பாத்திருக்காங்க. சோறு கொண்டு போயிருக்காங்க. ஒளிஞ்சிருக்கிற மனுசனுக்கும் பசிக்கும்ல?"

"நானும் அதைத்தான் நினைக்கேன்," என்றார் கிருபாபாய்.

இருவரும் தப்பாக நினைத்தார்கள். அது தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

* * *

பட்டறைக்கு வந்த ஆசிரியர்களில் மூத்தவர் ஞானதுரை. ராஜபாளையத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வந்து பேசினார்.

"மலை அன்னைக்கா? வெள்ளத்தாயம்மா வந்தாவளே. அடிவாரத்துல உக்காந்துக்கிட்டாவ. முட்டி வலி, ஏற முடியாதுன்னாவ. நாங்க இறங்கி வர்ற வரைக்கும் சோத்துக்குக் காவலா இருந்தாவ."

"நீங்க மலை மேல இருக்கும்போது அவங்க எங்கயாவது போயிருக்கலாமே?"

ஞானதுரையின் முகம் சுருங்கியது. "அம்மா, நீங்களும் சாரைக் கள்ளன்னு சொல்லத்தான் வந்திருக்கீகளா?"

"கண்டுபிடிக்க வந்திருக்கேன்."

அப்போது பஞ்சாலைச் சங்கு ஊதியது. ஊர் முழுக்கக் கேட்கிற சங்கு. ஞானதுரை அது அடங்கும் வரை பேசாமல் நின்றார்.

"இந்தச் சங்கு நான் பிறந்ததுல இருந்து கேக்கேன். ஒரு நாளும் பாடமாத் தெரியல. இப்ப சங்கு ஊதுனா வகுப்பை நிறுத்தி, 'ஏலே, இது உங்க வீட்டுல யாரைக் கூப்பிடுதுலே?'ன்னு கேக்கேன். ஒருத்தன் அம்மாவைங்கான். ஒருத்தன், 'எங்கப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு சார், இப்பக் கூப்பிடலை'ங்கான். அங்க இருந்து பாடம் ஆரம்பிக்குது. முன்னாடியெல்லாம் நான் அக்பருக்கு அப்பன் பேரு கேட்டுக்கிட்டு இருந்தவன்."

"ஹெட்மாஸ்டர் விடுறாரா?"

"சான்றிதழ் இருக்கே, அதனால விடுதாரு. அது இல்லன்னா, சிலபஸ்ல இல்லாததை எதுக்கு நடத்துதன்னு நாளைக்கே நிறுத்திருவாரு."

தெருவுக்கு வந்ததும் பாண்டி சொன்னான்: "நம்ம வேலையைப் பாருங்க மேடம். இந்த ஊரு நாய்க்கு உலகமெல்லாம் பேரு. அதுகூட இந்த வெயிலுக்கு நிழல்ல படுத்திருக்கு. நாம அலையறோம்."

"வில்லிபுத்தூர் பஸ் வருது. ஏறு."

"ஏறிட்டேன். துப்பு கிடைக்கலைன்னாலும் அங்க பால்கோவா கிடைக்கும்."

* * *

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். சனிக்கிழமை இல்லாததால் மலையடிவாரத்தில் கூட்டமில்லை. குளத்தங்கரையில் துளசி மாலையும் தேங்காயும் விற்கிற மாரியாத்தாள் மட்டும் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். பாண்டி இரண்டு தேங்காய் வாங்கி, மூன்றாவதையும் வாங்குவதுபோலத் தட்டிப் பார்த்து, பேச்சைத் தொடங்கிவைத்தான்.

"வாத்தியாருமாரு வந்த அன்னைக்கா? நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள் மாரியாத்தாள். "அந்த அம்மா இங்கன, இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்தாவ. எல்லாரும் மேல போயிட்டாவ. கூப்பிட்டதுக்கு முட்டி வலின்னுட்டாவ."

"யாராவது பார்க்க வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல."

"அவங்க எங்கயும் போனாங்களா? செத்த நேரம்?"

"எந்திரிக்கவே இல்லங்கேன். மலையவே பாத்துக்கிட்டு இருந்தாவ. பாவம்னு ஒரு துளசி மாலை சும்மா குடுத்தேன், 'மேல குடுத்து அனுப்பிருங்க'ன்னு. கைய இழுத்துக்கிட்டாவ. தொட மாட்டேன்னுட்டாவ. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. என்னம்மான்னேன். வெயிலுக்குக் கண்ணு கரிக்குன்னாவ."

கிருபாபாய் போட்டு வைத்திருந்த கணக்கு அங்கேயே பொடிந்தது. வெள்ளத்தாய் யாரையும் சந்திக்கவில்லை. ஒளிந்திருக்கும் கணவனுக்குச் சோறும் போகவில்லை. ஆனால் மறுநாள் இரும்பு ஏணியில் காபித் தூக்கோடு ஏறியவளுக்கு, அகலப் படி போட்ட இந்த மலையில் ஏற முட்டி வலித்திருக்கிறது.

"மேல போய்ப் பார்த்துட்டு வருவோம். வேற வழி ஏதும் இறங்குதான்னு தெரியணும். வா பாண்டி."

"நீங்க போயிட்டு வாங்க மேடம். எனக்கு இந்த வருஷம் மலை ஆகாது."

"ஆகாதுன்னா? ஜாதகமா?"

"பெருமாளுக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம். அடுத்த வருஷம் பேசித் தீர்த்துக்கிடுவோம்."

அவன் சோம்பேறித்தனத்துக்குச் சொல்கிற சாக்கு என்று எடுத்துக்கொண்டு கிருபாபாய் தனியாக ஏறினார். மேலே காற்று நன்றாக இருந்தது. நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். வந்த வழியைத் தவிர ஆள் நடக்கிற வழி எதுவும் இல்லை. திரும்பி இறங்கினார்.

பாதிப் படியில் நின்றுவிட்டார்.

கீழே பாண்டி அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து, கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஐந்து வருடமாகக் கூட வேலை பார்ப்பவன். சிரிக்காத பாண்டியை அவர் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அவன் அப்பா சாவுக்குப் போனபோது.

கீழே வந்ததும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாண்டி, கேலி பண்ணாமச் சொல்லு. ஏன் ஏறல?"

அவன் பக்கத்தில் கிடந்த தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டான். "அப்பா தை மாசம்தானே மேடம் போனாரு. சாவு விழுந்த வீட்டுக்காரன் வருஷம் திரும்புற வரைக்கும் மலைக்கோயில் ஏறக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க சபையில அப்படி ஒண்ணும் கிடையாது. அடிவாரம் வரைக்கும் வரலாமா?"

"வரலாம். வந்து இப்படிப் பேன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

"துளசி மாலை?"

"சாவு விழுந்து ரொம்ப நாள் ஆகலைன்னா தொட மாட்டாங்க. தீட்டு."

கிருபாபாய் மெதுவாகக் கேட்டார். "ஏன் ஏறலைன்னு வழியில போறவன் கேட்டா நீ என்ன சொல்லுவே?"

"அப்பா தவறிட்டாருன்னு சொல்லுவேன். இதுல என்ன மேடம் ஒளிவு மறைவு?"

"யாரு செத்தாங்கன்னு சொல்ல முடியாத ஆளா இருந்தா?"

"சொல்ல முடியாட்டி... ஏதாவது சாக்குச் சொல்லுவேன். முட்டி வலிக்குதும்பேன், காலு..."

பாண்டி அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் கையிலிருந்த தேங்காய் நழுவித் தரையில் உருண்டது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

"பங்காளி யாராச்சும் செத்திருக்கலாம்ல மேடம்?" என்றான், அப்படி இருக்கட்டும் என்று கெஞ்சுகிற குரலில்.

"பங்காளி செத்தா எதுக்குப் பொய் சொல்லணும்? நேத்து நாம வீட்டுக்குப் போனப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க? பெத்தவங்க போய்ப் பல வருஷம். பிள்ளையில்ல. 'அவியளுக்கு நான், எனக்கு அவிய. வேற நாதி கிடையாது'ன்னாங்க."

"பூ வச்சிருந்தாங்க மேடம். நெத்தி நிறையப் பொட்டு வச்சிருந்தாங்க."

"ஆமா," என்றார் கிருபாபாய். "நானும் அந்தப் பொட்டைத்தான் நம்பினேன்."

* * *

வெள்ளத்தாய் கதவைத் திறந்தபோது தலையில் கனகாம்பரம் இருந்தது. நேற்றைப் போலவே, "வாங்க, உக்காருங்க. காப்பி போடட்டா?" என்றாள். நேற்றைப் போலவே தெருக் கதவைச் சாத்தினாள்.

"காபி வேண்டாம்மா. முட்டி வலி எப்படி இருக்கு?"

"இருக்கு. வயசாகுதுல்லா."

"மறுநாள் ஜின்னிங் பாக்டரி ஏணியில ஏறும்போது வலிக்கலையே. போட்டோவுல பார்த்தேன்."

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். 

"மலைக்கு மட்டும் வந்த வலி," என்றார் கிருபாபாய். அதற்கு மேல் விசாரணைக் குரலில் பேச அவரால் முடியவில்லை. எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பம்மா போனாரு?"

அந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தவள்போல வெள்ளத்தாய் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"மில்லுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே நெஞ்சைப் பிடிச்சாவ. வாயுன்னாவ. விடியவும் முடியல. வாத்தியாருமாருகிட்ட சென்னைக்குப் போறேன்னு அவிய வாயாலயே சொல்லிட்டு, டாக்சியில படுத்துக்கிட்டாவ. மதுரை ஆசுபத்திரியில மத்தியானம் வரைக்கும் பேச்சு இருந்துச்சு. அம்புட்டும் பட்டறைப் பேச்சுதான். 'நான் செத்தேன்னு தெரிஞ்சா எல்லாரும் பெட்டியைக் கட்டிருவாங்க. சாவு விழுந்த துட்டி வீட்டுல எவன் பாடம் படிப்பான்? நடுவுல நின்னா அம்புட்டும் ரத்தாயிரும் ஏட்டி. முடியுற வரைக்கும் மூச்சு விடாத'ன்னாவ. என் தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டாவ. பொறவு பேச்சு இல்ல."

"உடம்பு?"

"அங்கனயே தத்தனேரிச் சுடுகாட்டுல வச்சுத்தான். அங்க இருந்தவரு, கொள்ளி வைக்க ஆம்பள ஆள் இல்லையாம்மான்னாரு. நாந்தான் வச்சேன்." அவள் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "குளிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வெறுந்தலையாப் போனாக் கேப்பாவளேன்னு பூ வாங்குனேன். பூக்காரி, மகராசியா வச்சுக்கோ தாயின்னு சொல்லி ஒரு சாண் கூடவே அளந்து குடுத்தா. வாங்கி வச்சுக்கிட்டு வந்து, வாத்தியாருமாருக்குப் பொங்கல் வச்சேன்."

பாண்டி சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"மலைக்கு மட்டும் ஏன்மா ஏறல? ஏறியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது."

வெள்ளத்தாய் அவரை வியப்போடு பார்த்தாள். இதைக்கூட ஒருத்தி கேட்பாளா என்பதுபோல.

"பூவும் பொட்டும் மனுசரு பாக்க வச்சதும்மா. மலையில நிக்கவருக்குத் தெரியாதா? செத்தவிய சாம்பல் சூடு ஆறல. தீட்டோட அவரு வாசல்ல போய் எப்படி நிப்பேன்? பொறவு தேரடிக்குப் போனப்பவும் ஆண்டாள் கோயிலுக்குள்ள போகல. வெளியவே நின்னுக்கிட்டேன்."

ஊரையே ஏமாற்றியவள் சாமியை ஏமாற்ற மனம் வராமல் மாட்டிக்கொண்டாள். போலீஸில் இருந்த காலத்தில் எத்தனையோ பொய்களை உடைத்திருக்கிறார் கிருபாபாய். ஒன்றை உடைத்ததற்காக இப்படி வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை.

"கேளுங்கம்மா," என்றார். "ராஜபாளையத்துல பரிபூரணம் சார் உக்காந்திருக்காரு. சாயங்காலத்துக்குள்ள நான் சொல்லணும். ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னு சொன்னா, பட்டறையும் செல்லும், ஆசிரியர்களோட சான்றிதழும் செல்லும். ஆனா சாரைப் போலீஸ் தேடும். பஸ் ஸ்டாண்டுல படம் ஒட்டுவாங்க. பட்டறை நடுவுலயே செத்துட்டாருன்னு சொன்னா, அவர் பேரு சுத்தமாயிரும். ஆனா பட்டறை ரத்து. நீங்க எதுக்காக இம்புட்டும் பொறுத்தீங்களோ அது இல்லாமப் போயிரும். நான் இதுவரைக்கும் பொய் ரிப்போர்ட் கொடுத்ததில்ல. நீங்க சொன்னா இன்னிக்குக் கொடுப்பேன்."

 வெளியே கரும்புச்சாறு வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"ஊரு அவியளைக் கள்ளன்னு சொல்லுது," என்றாள் வெள்ளத்தாய். "கடையில, குழாயடியில, என் காது படத்தான் பேசுதாவ. நெஞ்சு எரியத்தான் செய்யுது. ஆனா அதுலயும் ஒரு சுகம் இருக்கு பாத்துக்கிடுங்க. கள்ளன்னா, எங்கனயோ உசுரோட இருக்காருன்னுல்லா அர்த்தம். ஊரு பேசப் பேச எனக்கும் அப்படித்தான் தோணுது. ஓடிப் போயிருக்காரு, வந்துருவாருன்னு. இன்னைக்குக் காலையில ரெண்டு பேருக்கு உலை வச்சேன் அம்மா. அரிசி களைஞ்சு போட்ட பொறவுதான் தெரிஞ்சுச்சு."

கிருபாபாயின் பிடி இறுகியது.

"படம் ஒட்டுனா நான் தினமும் போய் அது முன்னாடி நிப்பேன். கொள்ளி வச்ச கையே மறந்து போயிரும். பைத்தியம் பிடிச்சிரும் எனக்கு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவிய கேட்டது முடியுற வரைக்கும்தான். முடிச்சுக் குடுத்துட்டேன். இன்னும் வாய்விட்டு அழல நான். எங்க ஆளுக்கு நான் அழணும். செத்துட்டாருன்னே சொல்லிருங்க."

"பட்டறை, அம்மா?"

"அவிய சொல்லிக் குடுத்ததை அந்த வாத்தியாருமாரு மண்டைக்குள்ள இருந்தா பிடுங்கிருவாவ?"

ஞானதுரையின் ஹெட்மாஸ்டர் நாளைக்கே என்ன செய்வார் என்பது கிருபாபாய்க்குத் தெரியும். சங்கு ஊதும், பையன்கள் அக்பரின் அப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. ஒருவேளை அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வெள்ளத்தாய் எழுந்தாள். தெருக் கதவின் தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு கதவையும் சுவரோடு சுவராக விரியத் திறந்துவைத்தாள். வெயில் நடுவீடு வரைக்கும் விழுந்தது. திரும்பி வந்து அந்த வெயிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, தெருவே திடுக்கிடும்படி ஒரு குரல் எடுத்தாள்.

குழாயடியில் குடங்களைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் நுழைந்தவள் எதிர்வீட்டு அழகுத்தாய். அந்தக் குழாயடியில் பலமாகப் பேசியவர்களில் அவளும் ஒருத்தி.

"ஏட்டி வெள்ளத்தாயி! என்னட்டி, யாருக்கு என்னாச்சு?"

"அக்கா, அவிய போயிட்டாவ அக்கா! என்னைய விட்டுட்டுப் போயிட்டாவ!"

அழகுத்தாய் எப்போது, எங்கே, எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்து வெள்ளத்தாயின் தோளில் கைபோட்டு, தலையோடு தலை முட்டி, அவளும் குரலெடுத்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். அதற்கடுத்தவள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

கிருபாபாய் பரிபூரணத்துக்குப் போன் செய்யப் படியிறங்கினார். வாசலில் பாண்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க போங்க மேடம். கொஞ்ச நேரத்துல ஆம்பளைங்க வர ஆரம்பிச்சிருவாங்க. உக்கார இடம் வேணும்," என்று சொல்லிவிட்டு, பெஞ்சு கேட்க எதிர்வீட்டுக்குப் போனான்.